திரையில் இருக்கும் திசு கையில் எப்படிப் படுகிறது? அறுவைப் பயிற்சியில் ஹாப்டிக் தொழில்நுட்பம்

வலியில்லாப் பிரசவத்துக்காக முதுகில் போடும் எபிடியூரல் ஊசியிலிருந்து தொடங்கலாம். சிசேரியனுக்கு நம் ஊர்களில் பெரும்பாலும் போடுவது ஸ்பைனல் என்ற முதுகு ஊசி. எபிடியூரல் அதன் நெருங்கிய உறவு. முதுகெலும்புகளுக்கு நடுவே நுழையும் ஊசி முதலில் தோலைக் கடக்கும், பிறகு கொழுப்பு, அப்புறம் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள். கடைசியில் வருவது மஞ்சள் நார் எனப்படும் கெட்டியான பட்டை. அதைத் தாண்டியதும் மருந்து போக வேண்டிய மெல்லிய இடைவெளி. அதற்குச் சில மில்லிமீட்டர் அப்பால் தண்டுவடத்தைச் சுற்றிய உறை இருக்கிறது. ஊசி அந்த உறையைக் குத்திவிட்டால் உள்ளிருக்கும் திரவம் கசியும். நாள்கணக்கில் கடுமையான தலைவலி வரலாம்.

இதில் மருத்துவரின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஊசியின் பின்னால் சலைன் நிரப்பிய சிரிஞ்சைப் பொருத்தி, பிளஞ்சரைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே ஊசியை மெல்ல முன்னே நகர்த்துவார். முனை நாருக்குள் இருக்கும்வரை பிளஞ்சர் அசையாது. மஞ்சள் நாரைத் தாண்டிய நொடியில் தடை சட்டென்று விலகி, சலைன் உள்ளே இறங்கும். கை அங்கேயே நிற்க வேண்டும். இப்போது அல்ட்ராசவுண்ட் துணைக்கு வந்திருக்கிறது என்றாலும், இடைவெளிக்குள் வந்துவிட்டோமா என்ற கடைசி முடிவைப் பெரும்பாலும் கட்டைவிரல்தான் எடுக்கிறது.

அந்தத் தடை எப்படி இருக்கும், அது விலகுவது எப்படித் தெரியும் என்பதை வாயால் சொல்லித்தர முடியாது. மயக்கவியல் பயிற்சி மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியான ஓர் ஆய்வில், எபிடியூரலில் 80 சதவீத வெற்றியை எட்டுவதற்கே ஏறத்தாழ 90 முயற்சிகள் தேவைப்பட்டன. அந்த முயற்சிகள் எல்லாம் உண்மையான நோயாளிகளின் முதுகில் நடந்தவை.

அவற்றில் ஒரு பகுதியையாவது இயந்திரத்துக்கு மாற்ற முடியுமா? மெய்நிகர் உலகில் ஒரு முதுகை வரைந்து காட்டுவது இன்றைக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் வெறும் படத்துக்குள் ஊசியைச் செருகினால் கைக்கு ஒன்றும் தெரியாது; காற்றில் குத்துவதுதான். படத்தில் இருக்கும் பொருளின் தடையை, எடையை, அதிர்வைக் கைக்குக் கொடுக்கும் கருவிகளுக்கும் கணக்குகளுக்கும் பொதுப்பெயர் ஹாப்டிக் தொழில்நுட்பம். அது எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். கூடவே ஒரு கேள்வியையும் கடைசிவரை கொண்டுபோகப் போகிறேன்: எந்த அறுவை சிகிச்சைக்கு இது உண்மையிலேயே தேவை? எல்லாவற்றுக்கும் தேவை என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

தோலின் உணர்வும் தசையின் உணர்வும்

தொடு உணர்வு என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, உள்ளே குறைந்தது இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று தோலில் இருப்பது. விரல் நுனியில் வெவ்வேறு வகை உணர்விகள் இருக்கின்றன. சில அழுத்தத்துக்கு, சில வழுக்கலுக்கு, சில தோல் இழுபடுவதற்கு. பசீனியன் என்ற வகை அதிர்வுக்கானது. நொடிக்கு 250 முறை அளவிலான அதிர்வு என்றால், தோல் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே அதற்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று தசையிலும் தசைநாணிலும் மூட்டிலும் இருக்கிறது. கை எங்கே இருக்கிறது, எவ்வளவு வலுவாகத் தள்ளுகிறது, எதிரே இருப்பது எவ்வளவு திருப்பித் தள்ளுகிறது என்பதை இது சொல்கிறது. மஞ்சள் நாரின் எதிர்ப்பு பெரும்பாலும் இந்த வழியில்தான் தெரிகிறது.

வீட்டில் வாங்கும் விஆர் (மெய்நிகர் உலகைக் காட்டும்) தொகுப்புகளின் கைப்பிடி பெரும்பாலும் அதிர்வை மட்டும்தான் கொடுக்கும். ஒரு பொருளைத் தொட்டதும் கைக்குள் ஒரு சின்ன உறுமல். 'தொட்டுவிட்டாய்' என்ற அறிவிப்பாக அது பயன்படும், ஆனால் கையைத் தடுத்து நிறுத்தாது. அறுவைப் பயிற்சி மென்பொருள்களில் பலவும் இந்தக் கைப்பிடிகளையே பயன்படுத்துகின்றன. 'ஹாப்டிக் வசதி உண்டு' என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால், அதிர்வா விசையா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு, பயனிலும் உண்டு.

அறுவை சிகிச்சையில் இன்னொரு விசேஷம், மருத்துவர் பெரும்பாலும் திசுவை நேரடியாகத் தொடுவதில்லை. கத்தி, இடுக்கி, ஊசி, டிரில் என்று ஏதோ ஒன்று நடுவில் இருக்கிறது. இருட்டில் கைத்தடியால் தரையைத் தட்டிப் போகிறவருக்கு மண்ணும் கல்லும் கைத்தடி வழியாகவே பிரிந்து தெரிகிற மாதிரி, கருவியின் முனையில் நடப்பதை அவர் பிடியில் உணர்கிறார். பொறியாளர்களுக்கு இது பெரிய வசதி. விரல் முழுவதற்கும் தோலின் நுணுக்கமான உணர்வுகளைப் போலியாக உருவாக்குவது மிகக் கடினம்; ஒரு கருவியின் முனையில் ஒரு விசையை உருவாக்குவது அதைவிட எவ்வளவோ எளிது.

இயந்திரம் எப்படித் திருப்பித் தள்ளுகிறது

மேசைமேல் ஒரு சின்ன இயந்திரக் கை. அதன் நுனியில் பேனா போன்ற ஒரு பிடி, அல்லது உண்மையான அறுவைக் கருவியின் கைப்பிடி. மூட்டுகளில் கோணத்தை அளக்கும் உணர்விகளும் மோட்டார்களும் இருக்கின்றன. நீங்கள் பிடியை நகர்த்தினால் கோணங்களிலிருந்து நுனி எங்கே இருக்கிறது என்று கணினி கணக்கிடும். திரையில் அந்த இடம் வெற்றிடம் என்றால் மோட்டார்கள் சும்மா இருக்கும். அங்கே திசு இருந்தால், எவ்வளவு விசையோடு எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டு மோட்டார்களுக்குச் சொல்லும்.

ஆக எளிய கணக்கு ஒரு சுவர். நுனி சுவரின் பரப்பைத் தாண்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ, அதை ஒரு கடினத்தன்மை எண்ணால் பெருக்கினால் வருவது திருப்பித் தள்ள வேண்டிய விசை. பள்ளியில் படித்த ஹூக் விதிதான். கடினத்தன்மை மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன் என்று வைத்தால், 2 மில்லிமீட்டர் உள்ளே போனதும் 2 நியூட்டன் விசை வெளியே தள்ளும். ஏறத்தாழ 200 கிராம் எடை அமுக்குகிற அளவு. எண்ணைக் குறைத்தால் கொழுப்பு, கூட்டினால் நார்.

மெல்லிய பொருள்களில் இந்தக் கணக்கு தடுமாறும். ஒரு சவ்வின் பாதி தடிமனைத் தாண்டிவிட்டால், 'மிக அருகில் இருக்கும் பரப்பு' என்று கணினி எதிர்ப்பக்கத்தைக் காட்டி, உங்களை அந்தப் பக்கமாகவே தள்ளிவிடும். இதைச் சரிசெய்ய 1995இல் ஸில்லெஸ், சாலிஸ்பரி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். உங்கள் கையின் உண்மையான இடம் ஒன்று, பரப்பைத் தாண்டவே அனுமதிக்கப்படாத கற்பனைப் புள்ளி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு கற்பனைச் சுருள்வில். கை உள்ளே போனாலும் கற்பனைப் புள்ளி பரப்பிலேயே நிற்கும். சுருள்வில் எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறதோ அதுதான் விசை. இன்றைய பயிற்சிக் கருவிகள் பலவற்றின் அடியில் இந்த யோசனை ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

திரையில் படம் நொடிக்கு 60 முதல் 90 முறை மாறினால் கண்ணுக்குப் போதும். கைக்குப் போதாது, விசையை நொடிக்குச் சுமார் 1000 முறை புதுப்பிக்க வேண்டும். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். கை நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் அந்தச் சுவரை நோக்கிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 முறை மட்டும் கணக்குப் போட்டால், ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவில் கை 1 மில்லிமீட்டர் போய்விடும். விசை 1 நியூட்டன், 2 நியூட்டன் என்று படிக்கட்டாக ஏறும். அந்தப் படிகளை விரல் கரகரப்பாக உணரும். மேலே சொன்ன பசீனியன் உணர்விகள் இதற்கென்றே இருப்பவை. நொடிக்கு 1000 முறை என்றால் ஒவ்வொரு படியும் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

கரகரப்பைவிட மோசமான ஒன்றும் உண்டு. கணினி சொல்லும் விசை எப்போதும் கொஞ்சம் பழைய இடத்துக்கானது. கை உள்ளே போகும்போது, கணினிக்குத் தெரிந்த ஆழம் உண்மையான ஆழத்தைவிடக் குறைவு. எனவே விசையும் குறைவு. வெளியே வரும்போது அதற்கு நேர்மாறு; தள்ளும் விசை அதிகம். ஒரு முறை உள்ளே போய் வெளியே வந்தால், நீங்கள் கொடுத்ததைவிட அதிக ஆற்றலை அந்தச் சுவர் திருப்பிக் கொடுத்திருக்கும். உண்மையான எந்தச் சுவரும் இப்படிச் செய்யாது. அந்த உபரி ஆற்றல் சேர்ந்துகொண்டே போனால் இயந்திரக் கை உங்கள் பிடிக்குள் துடிக்க ஆரம்பிக்கும். சுவர் எவ்வளவு கடினமோ, தாமதம் எவ்வளவு அதிகமோ, துடிப்பும் அவ்வளவு அதிகம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் கோல்கேட் 1990களில் இதற்கான எல்லையைக் கணிதமாகவே வகுத்துக் கொடுத்தார்: கருவியின் மூட்டுகளில் இருக்கும் இயல்பான உராய்வும் தணிப்பும் அந்த உபரியை விழுங்கும் அளவுக்கு இருக்க வேண்டும், அதற்கு மேல் சுவரைக் கடினமாக்க முடியாது.

இதனால்தான் எலும்பு கடினமான வேலையாகிறது. ஒரு பரப்பு அசையாத கெட்டிப் பொருள் என்று மனிதக் கை நம்ப, மில்லிமீட்டருக்குச் சுமார் 15 முதல் 40 நியூட்டன்வரை கடினத்தன்மை தேவை என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1994இல் அளந்தார்கள். ஆய்வகங்களில் பரவலாகப் பயன்பட்ட ஃபேன்டம் ஆம்னி என்ற மேசைக் கருவி கொடுக்கக்கூடிய அதிகபட்ச விசையே 3.3 நியூட்டன். கடினத்தன்மையில் அது இந்த எல்லையின் பக்கத்தில்கூட வராது. எலும்பை ரப்பராகக் காட்டும்.

இதற்கு ஓர் அழகான மாற்று வழி உண்டு. கெட்டிப் பொருளை உண்மையில் தட்டும்போது, தொட்ட கணத்தில் கைக்குள் ஒரு மிகச் சிறிய அதிர்வு ஓடி அடங்குகிறது. கடினம் என்ற செய்தியின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. அந்த அதிர்வை முன்கூட்டியே பதிவுசெய்து, கற்பனைச் சுவரைத் தொடும் கணத்தில் மோட்டார் வழியாக ஒலிக்கவிட்டால், மென்மையான சுவரும் கைக்குக் கெட்டியாகத் தோன்றும். காதெலும்பை டிரில் செய்யவும் பல்லைக் குடையவும் கற்றுத்தரும் கருவிகளில் அதிர்வும் சத்தமும் எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்து புரியும்.

எங்கிருந்து வந்தது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதன் மூதாதை மருத்துவத்தில் பிறக்கவில்லை. அணுசக்தி ஆய்வில் பிறந்தது. கதிரியக்கப் பொருள்களைத் தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கையாள, அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ரேமண்ட் கோயர்ட்ஸ் 1940களின் கடைசியிலிருந்து தொலைக் கைகளைச் செய்தார். அந்தப் பக்கத்துக் கை எதில் முட்டினாலும் இந்தப் பக்கத்துக் கைக்குத் தெரியும். 1967இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் புரூக்ஸ் தொடங்கிய ஆய்வு, அந்தப் பக்கத்துக் கைக்குப் பதிலாகக் கணினியை வைத்தது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதை வேதியியலாளர்கள் கையால் உணர்ந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் எம்ஐடியில் தாமஸ் மாஸி என்ற மாணவரும் கென்னத் சாலிஸ்பரியும் செய்த ஃபேன்டம் கருவிதான் இதையெல்லாம் ஒரு மேசைமேல் கொண்டுவந்தது. எம்ஐடியிலேயே தொடு உணர்வுக்கென்று ஓர் ஆய்வகத்தை நடத்திய மண்டயம் ஸ்ரீனிவாசனின் குழு, 2002இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் குழுவோடு சேர்ந்து, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இருந்த இருவரை ஒரே கற்பனைப் பெட்டியை இணையம் வழியாகத் தூக்க வைத்தது. சென்னையில் ஐஐடி மெட்ராஸின் தொடு உணர்வு ஆய்வகம் பேராசிரியர் மணிவண்ணன் தலைமையில் இந்தத் துறையில் வேலை செய்து வருகிறது.

சுவர் சரி, ஈரல்?

மனிதத் திசு ஒரு சுருள்வில் இல்லை. லேசாக இழுக்கும்போது எளிதாக நீளும், ஒரு கட்டத்துக்கு மேல் திடீரென்று இறுகும். வேகமாக அமுக்கினால் ஒரு மாதிரி எதிர்க்கும், மெதுவாக அமுக்கினால் வேறு மாதிரி. அமுக்கிய இடத்தில் மட்டும் அல்லாமல் சுற்றிலும் சேர்ந்து நெளியும். ரத்தம் ஓடும் ஈரலும் உடலிலிருந்து எடுத்து வைத்த ஈரலும் கைக்கு ஒன்றாக இருக்காது. எனவே ஆய்வகத்தில் எடுத்த அளவுகளை அப்படியே பயிற்சிக் கருவிக்குள் போட முடியாது.

ஓர் உறுப்பை ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் பக்கத்துத் துண்டை எப்படி இழுக்கிறது என்று கணக்குப் போடும் முறைகள் இருக்கின்றன. துல்லியமானவை, ஆனால் நொடிக்கு 1000 முறை ஓடாது. அதனால் உறுப்பு முழுவதற்குமான கணக்கை மெதுவாக ஓடவிட்டு, கருவி முனை தொடும் சின்ன இடத்துக்கு மட்டும் ஓர் எளிய கணக்கை வேகமாக ஓட்டுகிறார்கள். பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்த சோஃபா என்ற திறந்த மென்பொருளில் இந்த வகை வேலைகளுக்கான கட்டமைப்பு கிடைக்கிறது. ஆர்வமுள்ள மாணவர்கள் இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். வெட்டுவது இதைவிடச் சிக்கல். கத்தி பட்டதும் துண்டுகளின் இணைப்பே மாறிவிடுகிறது. கணக்கைப் பாதியில் புதிதாகப் பின்ன வேண்டும்.

நடைமுறையில் கடைசிச் சீரமைப்பு பெரும்பாலும் மனிதக் கையால்தான் நடக்கிறது. அனுபவமுள்ள மருத்துவரை உட்காரவைத்து, 'இன்னும் கொஞ்சம் இறுக்கமாக', 'சரி, இப்படித்தான் இருக்கும்' என்று அவர் சொல்லும்வரை எண்களைத் திருகுகிறார்கள். இதில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. கடினத்தன்மையை உணரும்போது மனித மூளை கையைவிடக் கண்ணையே அதிகம் நம்பும். ஸ்ரீனிவாசனின் குழு 1990களில் செய்த சோதனைகளில், இரண்டு கற்பனைச் சுருள்வில்களில் கைக்குக் கடினமானதைத் திரையில் அதிகம் அமுங்குவதாகக் காட்டியபோது, ஆட்கள் அதையே மென்மையானது என்றார்கள். படம் நன்றாக இருந்தால், தவறான விசையும் சரியென்று தோன்றிவிடும். மருத்துவர் 'உண்மை போலவே இருக்கிறது' என்று சான்று கொடுத்தால், எதற்குக் கொடுத்தார் என்று யோசிக்க வேண்டும், படத்துக்கா, விசைக்கா?

கை இல்லாமலும் கற்க முடிந்தது

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகள் வருகின்றன, ஏனென்றால் அவை எதிர்பார்ப்புக்கு எதிராகப் போகின்றன.

2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் வெளிவந்த ஆய்வு இந்தத் துறையில் மிகவும் பேசப்பட்டது. 16 பயிற்சி அறுவை மருத்துவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான பயிற்சி. மீதிப் பேருக்குக் கூடுதலாக மிஸ்ட்-விஆர் என்ற கணினிக் கருவியில் பயிற்சி. பிறகு எல்லோரும், வயிற்றில் சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் நுண்துளை முறையில் உண்மையான பித்தப்பை அறுவையில் ஈடுபட்டார்கள். கணினிப் பயிற்சி பெற்றவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தொடக்கூடாத திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. அந்த மிஸ்ட்-விஆரில் விசை எதுவும் கிடையாது. உறுப்புகளின் படம்கூடக் கிடையாது, உருண்டைகளும் பெட்டிகளும்தான்.

கண்புரையில் இதைவிடப் பெரிய சான்று இருக்கிறது. பிரிட்டனில் ஐசி என்ற கண் அறுவைச் சிமுலேட்டர் (பயிற்சிக் கருவி) பரவலான பிறகு, முதலிரண்டு ஆண்டுப் பயிற்சி மருத்துவர்கள் செய்த அறுவைகளில் லென்ஸின் பின் உறை கிழிவது 2009இல் 4.2 சதவீதமாக இருந்து 2015இல் 2.6 சதவீதமாகக் குறைந்தது. 2020இல் வெளியான தேசியத் தரவுத்தள ஆய்வு இதைக் காட்டியது. மோட்டார் வைத்துத் திருப்பித் தள்ளும் ஏற்பாடு ஐசியில் இல்லை.

எப்படி முடிந்தது? இந்த அறுவைகளில் மருத்துவர் பெறும் செய்தியில் பெரும்பகுதி கண் வழியாக வருகிறது. கண்ணின் விழித்திரையில் வேலை செய்யும் மருத்துவர்களின் கருவிகளில் விசையை அளந்து 1999இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான தொடுகைகள் 7.5 மில்லிநியூட்டனுக்கும் குறைவு. முக்கால் கிராம் எடையைவிடக் குறைவு. அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் விரலுக்கே தெரிந்தது. அங்கே உண்மையான அறுவையிலேயே தொடு உணர்வு இல்லை. சிமுலேட்டரில் அதைச் சேர்த்தால், இல்லாத ஒன்றை எதிர்பார்க்க மாணவரைப் பழக்கிவிடுவோம்.

நுண்துளை அறுவையும் பாதி இப்படித்தான். நீண்ட கருவி வயிற்றுச் சுவரில் பொருத்திய குழாய் வழியாகப் போகிறது. கை இடப்பக்கம் போனால் முனை வலப்பக்கம் போகும். குழாயின் உராய்வும் வயிற்றுச் சுவரின் இழுப்பும் முனையில் நடப்பதோடு கலந்து கைக்கு வரும். அந்தக் கலங்கிய செய்தியைத் துல்லியமாக நகலெடுக்க, லேப்மென்டர் போன்ற பயிற்சிக் கருவிகளில் பெரும் செலவு செய்யவேண்டியிருக்கிறது. பயன் இல்லாமல் இல்லை: 2006இல் ஸ்வீடனில் வெளியான ஓர் ஆய்வில், தொடக்கத்திலேயே விசை உணர்வோடு பழகியவர்கள் பிறகு சிறப்பாகச் செய்தார்கள். ஆனால் யேலின் உருண்டைகளும் பெட்டிகளும் நினைவுக்கு வரும்போது, செலவைப் பற்றி நிச்சயம் யோசிக்கத் தோன்றும்.

ரோபோ அறுவையில் கதை இன்னும் சுவாரசியமானது. டா வின்சி ரோபோவுக்கு 2000இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதில் திசுவின் எதிர்ப்பு மருத்துவரின் கைக்கு வரவில்லை. நூல் எவ்வளவு இறுகியிருக்கிறது, திசு எவ்வளவு வெளிறுகிறது என்று கண்ணால் பார்த்தே விசையை ஊகிக்க அவர்கள் கற்றுக்கொண்டார்கள். 2024இல் அனுமதி பெற்ற ஐந்தாம் தலைமுறையில்தான் விசையை உணர்த்தும் கருவிகள் வந்தன. ஒரு முழுத் தலைமுறை மருத்துவர்கள் தொடு உணர்வு இல்லாமல் நல்ல அறுவை செய்தார்கள். அதே சமயம், விசையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றபோது அந்த ரோபோவைச் செய்யும் நிறுவனம் அதற்காக உழைக்கத் தயாராகவும் இருந்தது.

அப்படியானால் எங்கே தேவை?

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை மட்டும் முடிவெடுக்கும் வேலைகளில் தேவை. இதுதான் என் கருத்து. எபிடியூரல் அதில் முதல் வரிசை. காதுக்குப் பின்னால் எலும்பைக் குடையும்போது டிரில் மெல்லிய எலும்பு ஓட்டின் அருகே போவதும் அப்படித்தான். அந்த ஓட்டுக்கு அப்பால் முக நரம்பும் மூளை உறையும் இருக்கின்றன. ஹாம்பர்க்கில் உருவான வாக்ஸல்-மேன் என்ற சிமுலேட்டர் இந்தப் பயிற்சிக்காக விசைக் கருவியோடு வந்தது. பல் மருத்துவத்தில் சிமோடான்ட் கருவி, எனாமலுக்கும் சொத்தைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கைக்குக் கொடுக்கிறது. சொத்தையின் மென்மையை உணர்வது பல் மருத்துவரின் அன்றாட வேலை.

கண்புரையிலேயே ஒரு முறை நடுவில் நிற்கிறது. தையல் இல்லாமல் சிறு கீறல் வழியாகக் கையாலேயே லென்ஸை எடுக்கும் முறை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் ஏராளமாகச் செய்யப்படுவது. விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லாததால் ஏழை நாடுகளுக்கு மிக முக்கியமானது. அதில் கண்ணின் வெள்ளை விழிச்சுவருக்குள்ளேயே ஒரு சின்னச் சுரங்கம் குடைய வேண்டும். மேலோட்டமாகப் போனால் கூரை கிழியும், ஆழமாகப் போனால் முன்கூட்டியே கண்ணுக்குள் இறங்கிவிடும். கத்தி எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று கண்ணும் கையும் சேர்ந்துதான் சொல்கின்றன. ஹெல்ப்மீசீ என்ற தொண்டு நிறுவனம் இந்த ஒரு முறைக்காகவே விசை உணர்வுள்ள சிமுலேட்டரை உருவாக்கியது. மும்பையிலும் அதன் பயிற்சி மையம் இருக்கிறது. 2021இல் வெளியான, இந்தியாவில் நடந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில் இதில் பயின்றவர்கள் சுரங்கம் குடைவதில் குறைவான தவறுகளைச் செய்தார்கள். எந்த அளவு விசையால், எந்த அளவு வெறும் பயிற்சியால் என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. பிரித்துச் சொல்லும் ஆய்வுகள்தான் இந்தத் துறைக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுகின்றன.

ஹாப்டிக் கையுறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஒரு பந்தைப் பிடித்தால் விரல்கள் மூடாமல் தடுக்கும், விரல் நுனியில் காற்று அல்லது திரவ அழுத்தத்தால் தொடுகையைக் காட்டும். ஆனால் கையுறை உங்கள் கையிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. தரையோடோ மேசையோடோ பிணைக்கப்படவில்லை. எனவே விரலை நிறுத்த முடியும், கையை நிறுத்த முடியாது. கற்பனை மேசையில் கையை ஊன்றினால் அது மேசைக்குள் இறங்கிப் போகும். ஊசி ஏற்றுவது, டிரில் அமுக்குவது போன்ற வேலைகளுக்கு மேசையில் நிலையாகப் பொருத்திய இயந்திரக் கையே சரி.

உங்கள் மருத்துவக் கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ இப்படி ஒரு கருவியை யாராவது காட்ட வந்தால், சில விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த அறுவையில், எந்தப் படியில், கை முடிவெடுக்கிறது என்று அவர்களால் சொல்ல முடிகிறதா? திசுவின் எண்கள் அளந்து வந்தவையா, ஒருவர் 'சரி' என்று சொல்லி வந்தவையா? மெலிந்தவர், பருத்தவர், நார்கள் கெட்டிப்பட்ட முதியவர் என்று நோயாளியை மாற்ற முடியுமா? ஒரே ஒரு முதுகில் நன்றாகத் தேறிய கட்டைவிரலுக்கு அடுத்த முதுகு புதிதாகவே இருக்கும். மாணவர் எவ்வளவு விசை கொடுத்தார் என்ற பதிவு வெளியே கிடைக்கிறதா? இது பலரும் கேட்க மறக்கும் கேள்வி. உண்மையான அறுவையில் 'ரொம்ப இழுக்கிறாய்' என்று சீஃப் சொல்வார், எவ்வளவு என்று அவராலும் சொல்ல முடியாது. இந்தக் கருவியால் முடியும். ஓர் ஆண்டுக்குப் பிறகு மோட்டார்களையும் உணர்விகளையும் சரிபார்க்க யார் வருவார்கள்?

கடைசியாக, திரையை அணைக்கச் சொல்லுங்கள். பல ஆண்டு அனுபவமுள்ள மயக்கவியல் மருத்துவர் ஒருவரிடம் பிடியைக் கொடுத்து, ஊசி இப்போது எந்த அடுக்கில் இருக்கிறது, எப்போது இடைவெளிக்குள் வந்தது என்று கையை மட்டும் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். அவரால் சொல்ல முடிந்தால், அந்தக் கருவியில் விசை உணர்வு வேலை செய்கிறது. முடியாவிட்டால் நீங்கள் வாங்கப் போவது ஒரு நல்ல படம். அதற்குரிய விலையை மட்டும் கொடுத்தால் போதும்.